தள்ளிப் போட்டது யார்?

"உங்க அப்பாவுக்கு ஆபரேஷன் திங்கட்கிழமை இல்லையாம். வெள்ளிக்கிழமைதானாம்."

நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் மகனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரைக் கேட்டுத் தள்ளிப் போட்டாங்க? தொண்டையில கேன்சர், குரல்வளையை எடுத்தே ஆகணும்னு அவங்கதானே சொன்னாங்க? வெள்ளிக்கிழமை வரைக்கும் அது கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குமா?"

கட்டிலில் கிடந்த அப்பா தலையைத் திருப்பினார். காலமெல்லாம் பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவனையும் எழுப்பிவிட்ட குரல் இப்போது உப்புத்தாள் தேய்ப்பது போல வந்தது.

"சாப்பிட்டியாப்பா?"

மகன் நர்ஸ் பக்கம் திரும்பினான். "கேன்டீன்லயே சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்."

"ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கார். நடுவுல நான் என்ன தபால்காரியா?"

அவனுடைய ஒர்க் ஷாப்புக்கே வந்து, வேலையாட்கள் முன்னால், "உருப்படாதவனே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அப்பா கத்தினாரே, அன்றைக்கு நின்ற பேச்சு. வருஷங்கள் ஓடிவிட்டன. மருந்து வாங்கி வருவான், கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போவான், ஸ்டூலிலேயே தூங்குவான். பேச மட்டும் மாட்டான்.

விறுவிறுவென்று மாடியேறினான். கோடியறைக் கதவைத் தட்டாமலே தள்ளினான்.

வாராவாரம் எல்லா டாக்டர்களும் கூடிப் பேசுகிற அறை. சுவரில் அப்பாவின் கழுத்து ஸ்கேன் பெரிதாகத் தெரிந்தது. மேஜையில் ஆறிப்போன டீ.

"ஒரு கழுத்தைப் பார்க்க இத்தனை பேரா? கத்தி வைக்கிறவர் ஒருத்தர், கரண்ட் வைக்கிறவர் ஒருத்தர், படம் பார்க்கிறவர் ஒருத்தர்! பேசிப் பேசியே எங்கப்பாவைக் கொன்னுடுவீங்க போலிருக்கே!"

"உட்காருங்க" என்றார் ஆபரேஷன் செய்யும் டாக்டர்.

"உட்கார வரலை சார். யார் தள்ளிப் போடச் சொன்னது? அதை மட்டும் சொல்லுங்க."

ஓரத்தில் இருந்த பெண் நிமிர்ந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் நோயாளிகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள்.

"நான்தான்."

"அதானே! இந்தம்மா சொன்னாங்கன்னு நீங்க எல்லாரும் தலையாட்டிட்டீங்களா?"

"சும்மா ஆட்டலை" என்றார் டாக்டர். அவர் குரலும் ஏறியிருந்தது. "அதுவரைக்கும் தாங்குமான்னு படம் பார்க்கிறவரைக் கேட்டோம். தாங்கும்னார். கரண்ட் வைக்கிற ரேடியேஷன் டாக்டர் தன் தேதிகளை மாத்திக்கிட்டார். நான் வேற ஒருத்தர் ஆபரேஷனை முன்னால இழுத்துக்கிட்டேன். வெள்ளிக்கிழமையைத் தாண்டி ஒரு நாள்கூட முடியாது."

"எல்லாம் சரி, எதுக்குன்னு சொல்லுங்களேன்!"

அந்தப் பெண்தான் சொன்னாள். "சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா கேட்டுக்கிட்டார். இனி வேற வழியில்லை. குரல்வளையை எடுத்துட்டா அவரோட சொந்தக் குரல் திரும்பி வராதுன்னு சொன்னேன். 'அது போறதுக்கு முன்னாடி என் பையன்கூட நாலு வார்த்தை பேசிடறேன், கொஞ்சம் டயம் கொடுங்கம்மா'ன்னார்."

மகனின் குரல் இன்னும் இறங்கவில்லை.

"பேச வேண்டியதுதானே? ராப்பகலா பக்கத்துலயேதானே கிடக்கேன்! அவர் வாயை யார் பொத்தினாங்க?"

"பேசிக்கிட்டுத்தான் சார் இருக்கார். தினமும் பார்க்கிறேன். நீங்கதான் சிஸ்டரைப் பார்த்துப் பதில் சொல்றீங்க."