வாசம் வராத கற்பூரம்

வாசமே இல்லை.

குப்பியை மூக்கில் அழுத்தி இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் பொடி. சீனிப் பொடி மாதிரி. நான் கொடுத்த கற்பூரம் அடுத்த அறையில் இருந்தாலும் மூக்கில் ஏறும்.

“என் கற்பூரம் எங்க தம்பி?”

அன்பரசன் சிரித்தான். சவூதியில், தம்மாமில் இருக்கிற இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் ஆராய்கிறவன். நான் கூட்டித் துடைத்து டீ போடுகிறவன். படித்தவன் சிரித்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

அந்தக் கற்பூரம் என் சட்டைப்பையில் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது. மிளகு போட்டு மடித்து வைத்தும் கேட்கவில்லை. இப்படியே போனால் வேண்டிய நேரத்தில் வெறும் தாள்தான் மிஞ்சும்.

அவன்தான் பார்த்துவிட்டு, கரையாமல் கட்டிவைத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனான். புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்றும் கேட்டான். இதை இரண்டாம் தடவை வாங்கக் கூடாது என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. என் காரியத்தை நான் யாரிடமும் விரிப்பதில்லை.

“உள்ளேதான் இருக்கு பாய், வாங்க” என்று கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போனான். பொடியாக்கும் முன் அதில் ஒரு படிகக் கல்லை எடுத்து எக்ஸ்ரே பிடித்தானாம்.

திரையில் புள்ளியும் கோடுமாக இரண்டு கிண்ணங்கள். வாயோடு வாய் வைத்து மூடிக் கிடந்தன. நடுவில் சின்ன உருண்டைகள்.

கிண்ணம், மாவிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரையாம். உருண்டைதான் கற்பூரம். அவர்கள் பாஷையில் கிண்ணத்துக்கு வீட்டுக்காரன் என்று பேர், உருண்டைக்கு விருந்தாளி.

“விருந்தாளியை வெளியே விடாத வீட்டுக்காரனா? அப்ப நம்ம பாஸ்போர்ட்டைப் பூட்டி வச்சிருக்கிற அரபி முதலாளி, கஃபீல்னு சொல்லு.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தப் படம் எனக்கு வேறொன்று போலத் தெரிந்தது.

“படம் யாரும் போடலாம்” என்றேன்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு சிட்டிகைப் பொடியை டீ கிளாசில் போட்டு, என் கெண்டியிலிருந்தே வெந்நீர் ஊற்றினான். தண்ணீர் பட்டால்தான் கதவு திறக்குமாம்.

ஊற்றிக் கை எடுக்கவில்லை, அறை முழுக்க வாசம்.

நான் துடைத்த தரையிலேயே உட்கார்ந்தேன்.

ஜெயித்த பிள்ளை விடுவானா? “இப்ப நம்புறீங்களா? அது கெடக்கட்டும், உங்களுக்கு எதுக்கு பாய் கற்பூரம்? ரூமைச் சாத்திட்டு சூடம் காட்டுறீங்களா? மதத்தைக் கண்காணிக்கிற முத்தவா போலீஸ் வந்து அள்ளிட்டுப் போயிடுவான்!”

அவனுக்குக் கற்பூரம் என்றால் தட்டில் எரிவது.

எங்களுக்கு அது தண்ணீரில் கரைப்பது. மய்யித்தைக் கடைசியாகக் குளிப்பாட்டும் தண்ணீரில்.

ஒரு மய்யித்துக்கு இரண்டு தடவை கற்பூரம் வாங்கினால் வீட்டில் இன்னொரு மய்யித்து விழும் என்பார்கள் எங்கள் பக்கம். என் சின்ன மகனும் கட்டடச் சாரத்தில்தான் வேலை பார்க்கிறான். அவன் அண்ணன் சுஐபு விழுந்த அதே சாரம்.

சுஐபு ஆஸ்பத்திரியில் குளிர்ப் பெட்டிக்குள் கிடக்கிறான். விழுந்த அன்றே கற்பூரம் வாங்கிவிட்டேன். அவனுடைய கஃபீல் வெளிநாடு போயிருக்கிறார். அவர் வந்து சரி என்றால்தான் வெளியே விடுவார்கள்.

குப்பியை இறுக மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“டீ போடவா தம்பி?”

வெந்நீர் தயாராகத்தான் இருந்தது.