வாத்தியாரின் கோடு போட்ட சட்டை

உள்ளறையில் பீரோக் கதவு படீரென்று அறைந்தது. சற்று நேரத்தில் இன்னொரு முறை.

சமையலறையில் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்த வாத்தியாரின் மனைவி நிமிரவில்லை.

"என் நீலக்கோடு போட்ட சட்டை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் இயற்பியல் வாத்தியார்.

"அந்தக் கந்தலா? பழைய துணி மூட்டையில கட்டிட்டேன்" என்றாள் மகள். லீவுக்கு வந்தவள், வந்ததிலிருந்து வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மூட்டையை அவிழ்த்துத் தரையெல்லாம் இறைத்து, சட்டையை உருவி எடுத்தார்.

"அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க இதையா போட்டுட்டு வரப்போறீங்க? டாக்டர் சில்லறை எடுத்து நீட்டப்போறார்."

"பருத்தி. வெயிலுக்கு நல்லது. காரணம் இல்லாம நான் எதையும் செய்யறதில்ல."

ராசியான பேனா தொலைஞ்சுபோச்சு என்று புலம்பிய மாடி வீட்டுக்காரரை, "பரீட்சை எழுதப்போறது பேனாவா, நீங்களா?" என்று நேற்று அரை மணி நேரம் நிற்கவைத்து வகுப்பெடுத்தவர்.

சட்டையோடு போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு கஞ்சத்தனமா ஒரு மனுஷனுக்கு?" என்றாள் மகள், அம்மாவிடம்.

"கஞ்சத்தனம் இல்லடி. எனக்குக் கட்டி எடுத்தப்புறம் முதல் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சே, அன்னிக்கு அந்தச் சட்டைதான் போட்டிருந்தார். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதேதான்."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ராசியா? அப்பாவுக்கா? உங்கிட்ட அவரே சொன்னாரா?"

"சொல்லுவாரா? நானும் கேட்டதில்ல."

"வரட்டும் வெளிய. ஊருக்கெல்லாம் பண்ற உபதேசத்தை இன்னிக்கு நான் அவருக்குப் பண்றேன்."

"வாயைத் திறக்காதே." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

"அந்தச் சட்டை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே துவைக்கும்போது முதுகுல கிழிஞ்சு போச்சு. இது, கடை கடையா ஏறி அதே மாதிரி நான் வாங்கினது. காலரைக் கல்லுல தேய்ச்சுத் தேய்ச்சுப் பழசாக்கறதுக்குள்ள என் கை போயிடுச்சு."

மகளும் குரலைத் தணித்தாள். "அப்போ... உனக்கும் இதுல நம்பிக்கையா?"

"எனக்கெதுக்கு? ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நான் தாங்கிக்குவேன். கவர் கைக்கு வர்ற வரைக்கும் அந்த மனுஷன் தாங்கணுமே."

அடுத்த பீன்ஸை எடுத்து நாரை உரித்தாள்.