தள்ளுபடி வேண்டாம்

“அந்தப் பேர்ல எதுவும் இல்லம்மா. மூணு தடவை தேடிட்டேன். சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

டெல்மோர் மாவட்டப் போக்குவரத்து நீதிமன்றத்தின் ஜன்னலுக்குள்ளிருந்து மார்னி சொன்னாள். வேகமாக ஓட்டிய வழக்கு எதுவும் பதிவில் இல்லை என்றால் யாரும் துள்ளிக் குதித்துத்தான் போவார்கள். இருபத்தாறு வருடமாக அவள் பார்க்காததா?

வெளியே நின்றவளின் முகம் தொங்கிப் போனது.

“இருக்கும் மேடம். கண்டிப்பா இருக்கும். வெஸ்லி நோவோட்னி. என் தம்பி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, அக்டோபர் ஒன்பது. இன்னொரு தரம் பாருங்களேன்.”

“வழக்கு இல்லேங்கறேன், இருக்கு இருக்குன்னு மல்லுக்கு நிக்கறீங்களே! எந்த மாவட்டத்துல பிடிச்சாங்கன்னாவது தெரியுமா?”

“அதான் தெரியலை. நெப்ராஸ்காவோட மேற்குக் கோடியில எங்கேயோ வழி தப்பிப் போயிருக்கான். போலீஸ் கொடுத்த சீட்டையும் தொலைச்சுட்டான். நான் ஏறி இறங்கற முப்பத்தெட்டாவது நீதிமன்றம் உங்களோடது.”

மார்னி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விண்ணப்பத்தில் லுட்மிலா என்று எழுதியிருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கசங்கிய சட்டை, காரிலேயே தூங்கி எழுந்து வந்த தலை.

“முப்பத்தெட்டா? தம்பி மேல அப்படி என்னம்மா ஆத்திரம்?”

லுட்மிலா சிரிக்கவில்லை. “கம்ப்யூட்டர்ல ஏத்தாத பழைய காகிதம் ஏதாவது இருக்குமா மேடம்?”

இருந்தது. கீழ் அறையில், பெட்டி பெட்டியாக. மார்னிக்குச் சாப்பாட்டு நேரம். ஆனால் தன் அலுவலகத்தில் ஒரு காகிதம் தன் கண்ணுக்குத் தப்பிக் கிடக்கும் என்று ஒருத்தி சொல்வதா? சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க. இல்லேன்னு காட்டிடறேன்.”

அக்டோபர் மாதத்துக்கு மட்டும் நான்கு பெட்டிகள். தும்மிக்கொண்டே ஆளுக்கு இரண்டாகப் பிரித்துப் புரட்டினார்கள். மூன்றாவது பெட்டியின் அடியில் மார்னியின் விரல் நின்றது.

“நோவோட்னி இல்ல... ஆனா நவாட்னேன்னு ஒண்ணு இருக்கு. வெஸ்லி நவாட்னே. பச்சை பிக்கப் வண்டி. அறுபத்தஞ்சு மைல் வேகத்துல போக வேண்டிய ரோட்டுல எண்பத்து நாலு.”

“நேரம்? நேரம் போட்டிருக்கா?”

“சாயங்காலம் ஆறு நாற்பது.”

“கையெழுத்து?”

மார்னி திருப்பிக் காட்டினாள். அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்து. கடைசி எழுத்து மட்டும் கொக்கி மாதிரி வளைந்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

“அவன்தான்! அவனேதான்!”

லுட்மிலா அந்தத் தூசியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மார்னிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

மேலே வந்ததும், “நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க” என்றாள். மனசு இளகியிருந்தது. “சீட்டு எழுதின போலீஸ்காரர் பேரைத் தப்பா எழுதியிருக்கார். நாங்க அனுப்பின நோட்டீஸ் ஒண்ணுகூட உங்க தம்பிக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நீதிபதிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா தள்ளுபடி பண்ணிடுவார். ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.”

“ஐயோ, வேண்டாம்!”

வரிசையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தள்ளுபடி வேண்டாம் மேடம். பேரைத் திருத்துங்க. குற்றவாளின்னே எழுதுங்க. முழு அபராதமும் கட்டறேன்.”

“அதுக்கு அவர் வந்து குற்றத்தை ஒப்புக்கணுமே?”

“அவனால வர முடியாது.” லுட்மிலா நான்காக மடித்த ஒரு காகிதத்தை நீட்டினாள். “எனக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கான்.”

பத்திரம் சரியாகவே இருந்தது. அதே கொக்கிக் கையெழுத்து. பாவம், படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் போலிருக்கிறது, கண்ணை மூடுவதற்குள் பழைய தப்பையெல்லாம் தீர்த்துவிட நினைக்கிறான் என்று மார்னி எண்ணிக்கொண்டாள். அதற்கு மேல் கிளறவில்லை.

நீதிபதி வந்தார். சீட்டிலும் பத்திரத்திலும் இருந்த கையெழுத்துகளையும் வண்டி எண்ணையும் ஒத்துப் பார்த்தார். பெயரைத் திருத்தி, குற்றவாளி என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“மூணு நகல் வேணும் மேடம். முத்திரை பளிச்சுன்னு தெரியணும்.”

மார்னி எழுந்து நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் கொடுத்து மூன்று முறை அழுத்தினாள்.

லுட்மிலா அந்தக் காகிதங்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். “குற்றவாளி! என் தம்பி குற்றவாளி!” என்று கத்திக்கொண்டே நடைவழியில் ஒரு சுற்றுச் சுற்றினாள். என்ன ஏது என்று தெரியாமலே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தன் அபராதத்துக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த லாரிக்காரர்கூட விசிலடித்தார்.

மார்னி ஜன்னலைவிட்டு வெளியே வந்து அவள் கையைப் பிடித்தாள். “ஏம்மா, எண்பத்து நாலு மைல் வேகத்துல போனதுக்கா இந்த ஆட்டம்?”

லுட்மிலா மூச்சு வாங்க நின்றாள்.

“அதே அக்டோபர் ஒன்பது, அதே ஆறு நாற்பதுக்கு, இங்கேருந்து நானூறு மைல் தள்ளி ஒரு கடைக்காரரைச் சுட்டுக் கொன்னான்னு சொல்லித்தான் மேடம், என் தம்பியைப் பன்னிரண்டு வருஷமா ஜெயில்ல வச்சிருக்காங்க!”