கும்பிடுபூச்சியின் மேல் ஒரு மூச்சு

மரகதம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஏந்திய கேமராவில் இத்தனை நெருக்கத்தில் எடுக்கும்போது லேசாக மூச்சு விட்டாலும் போச்சு, படம் கலங்கிவிடும்.

எதிரே கறிவேப்பிலைச் செடியில் ஒரு கும்பிடுபூச்சி. அந்த அடுக்ககத்தின் மொட்டைமாடித் தோட்டத்தில் உயிருள்ள பூச்சி ஒன்றைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

தலைக்கு மேலே மருந்தடிக்கும் ட்ரோன் உறுமியது. மனித மூச்சு தெரிகிற இடத்தில் அது மருந்தடிக்காது என்பதால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தொட்டியில் புஸ்ஸென்று சாரல் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. மூச்சை அடக்கிய அவளை, ஆளே இல்லை என்று அது முடிவுகட்டிவிட்டது.

கேமராவை இறக்கினாள். செடியின் மேல் கவிழ்ந்து பலமாக மூச்சு விட்டாள். சாரல் சட்டென்று நின்றது.

"ஏனுங் மேடம், தள்ளி நில்லுங்க. இது பூச்சியில்லாக் குடியிருப்புங்க," என்றபடி படியேறி வந்தார் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து.

"மூச்சு விடறதுக்கும் சங்கத்துல அனுமதி வாங்கோணுங்களா?"

"ட்ரோன் தெனமும் வருமுங்க. நீங்க ஒத்த ஆளு. எத்தன நாளைக்கு இப்படி ஊதிட்டே நிப்பீங்க?"

மரகதம் மறுபடி கேமராவைத் தூக்கினாள். மூச்சு விட்டுக்கொண்டே பூச்சியைப் படமெடுத்தாள். கலங்கித்தான் வந்தது. அதை அப்படியே கைபேசி வழியாகக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பி, கீழே எழுதினாள்:

"மொட்டைமாடிக்கு வாங்க. முறை வெச்சு மூச்சு விட ஆள் வேணும்."

கீழே எங்கேயோ ஒரு கதவு திறந்தது. பின்னாலேயே இன்னொன்று.