விசாரிக்க வந்த கோழி

ஒரு வாத்துக்குஞ்சுக்குக் காலு ரெண்டும் வெலவெலத்துப் போயி, படுத்த படுக்கையாயிருச்சு. அம்மா வாத்து நொய்யரிசிய ஊறவச்சு, ஒரு தட்டுல போட்டு மூக்குக்கிட்ட வச்சுட்டு, நத்தை தேடக் கொளத்துக்குப் போச்சு. அந்தக் கொளத்துல ஒரு தவளை, மழை வந்தா நனைஞ்சிருவோம்னு தண்ணிக்குள்ள போயி ஒளிஞ்சுக்குமாம். சரி, அது கெடக்கட்டும், இங்க குஞ்சு பசியோட கெடக்கு.

நலம் விசாரிக்கக் கோழி வந்துச்சு.

"எங்க சித்தி மகளுக்கும் மொதல்ல காலுதான் போச்சு"ன்னு ஒரு வாய் கொத்துச்சு. "அப்புறம் ரெக்கை போச்சு"ன்னு இன்னொரு வாய். "அப்புறம் அவளே போய்ச் சேந்துட்டா." தட்டு காலி.

"நல்லா சாப்பிட்டாத்தான் தேறுவே, கண்ணு"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிருச்சு.

மூணு நாளும் இதே கதைதான். காலித் தட்டப் பாத்து, புள்ள நல்லா சாப்பிடுதுன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். குஞ்சுக்கோ வாயத் தொறந்து சொல்லக்கூடத் தெம்பில்ல.

நாலாம் நாள் கோழி வரல. குஞ்சு தட்டு நெறைய சாப்பிட்டுச்சு. சாயங்காலம் தள்ளாடித் தள்ளாடி எந்திரிச்சு நடந்துச்சு.

"எங்கடா போறே?"ன்னு அம்மா கேட்டுச்சு.

"கோழி அத்தைக்கு வயித்துப் பொருமலாம்மா. போயி விசாரிக்க வேணாமா? அவங்க தட்டுல என்ன இருக்குன்னும் பாத்துட்டு வர்றேன்."