மூன்றாவது படுக்கையறை

டோக்கன் பதினேழைக் கூப்பிட்ட நேரத்தில் அவளுடைய கைபேசி அதிர்ந்தது.

மகளின் வகுப்பாசிரியை. பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

பத்திரப்பதிவு அலுவலகத்தின் பெஞ்சில் அவளுக்கு ஒரு பக்கம் வீட்டை விற்பவர், மறுபக்கம் வாங்குபவர். நான்கு மாதம் அலைந்து சேர்த்துவைத்த இரண்டு பேர். கோப்பைப் பத்திர எழுத்தரிடம் கொடுத்தாள். கையெழுத்து விழவேண்டிய இடங்களில் எல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

“நான் இல்லைன்னாலும் நடக்குங்ணா,” என்றாள்.

கோகிலவாணி எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்திருந்தாள். வீடு விற்றுக்கொடுப்பது அவள் தொழில். காலை ஐந்தரை தொடங்கி கைபேசியில் பதினான்கு அலாரம். மகளின் வேன், பார்ட்டிக்கு வீடு காட்டுவது, இந்தி டியூஷன், வங்கி, மாவு அரைக்கக் கொடுப்பது. எட்டு வருடத்தில் ஒரு வேனைத் தவறவிட்டதில்லை. ஒரு பார்ட்டியையும்தான்.

இதற்கு அலாரம் வைத்திருக்கவில்லை. சம்யுக்தாவுக்குப் பதினோரு வயதுதான் ஆகிறது.

பள்ளி வராந்தாவில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பைச் சுற்றி டீச்சரின் துப்பட்டா.

அம்மாவுக்குப் பின்னால் வண்டியில் ஏறிக்கொண்டாள். மேம்பாலம் தாண்டியதும் அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“வீட்டுக்கு வேண்டாம்மா. அத்தைங்க இருக்காங்க.”

மாரியம்மன் நோம்பிக்காக இரண்டு அத்தைகளும் வந்திருந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஒருத்திக்குத் தெரிந்தால் அரைமணி நேரத்தில் ஊருக்கே தெரியும். சாயங்காலத்துக்குள் மண்டபம் பேசிவிடுவார்கள். போன வருடம் பெரியப்பா மகளை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்ததை சம்யுக்தா பார்த்திருக்கிறாள்.

“இன்னிக்கு யாருக்கும் சொல்லாதம்மா. இன்னிக்கு மட்டும்.”

கோகிலவாணி வண்டியை ஓரம் கட்டினாள்.

அவள் பையில் ஒன்பது காலி வீடுகளின் சாவி இருந்தது.

*

மூன்றாவது மாடி. மூன்று படுக்கையறை. உரிமையாளர் மஸ்கட்டில்.

வழியில் மருந்துக் கடையில் நின்றார்கள். ரெடிமேட் கடையில் பூப்போட்ட ஒரு கவுன். பேக்கரியில் தேங்காய் பன்.

எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். வீடு காட்டும்போது பேசுவதைப் போல நிதானமாக வந்தது குரல். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். பிறகு, “சரிம்மா.”

யூனிபாரத்தை அலசி, பால்கனியில் காயப்போட்டாள். மத்தியானத்துக்கு மேல் அங்கே நெருப்பாக வெயில் அடிக்கும். வாங்க வருகிறவர்களிடம் அவள் அதைச் சொல்வதே இல்லை.

கடைசி அறையில், வண்டியிலிருந்த விளம்பர பிளெக்ஸைக் கவிழ்த்து விரித்தாள். அதன்மேல் தன் துப்பட்டா. சம்யுக்தா சுருண்டு படுத்தாள். வலிக்கிறதா என்று கேட்டதற்குக் கொஞ்சம் என்றாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

வங்கி அலாரம் அடித்தது.

கோகிலவாணி மற்றொரு கையால் எல்லா அலாரத்தையும் அணைத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்து அல்ல. ஒரேயடியாக.

மகள் தூங்கினாள். அவளும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். பகலில் கடைசியாக எப்போது உட்கார்ந்தோம் என்று நினைவில்லை.

*

அழைப்பு மணி.

பொள்ளாச்சிப் பார்ட்டி. இந்த வீட்டைப் பார்க்க மூன்று மணிக்கு வரச்சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஈஸ்வரமூர்த்தி, கையில் அளவு டேப்போடு. பின்னால் அவர் மனைவி.

ஏழு வீடு பார்த்து ஏழையும் வேண்டாம் என்றவர். அறுபது கிலோமீட்டர் வந்திருக்கிறார். திருப்பி அனுப்பினால் மறுபடி வரமாட்டார்.

கோகிலவாணி கடைசி அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள். ஒரு அறையை மட்டும் இன்றைக்குத் திறக்க முடியாது, மற்றதைப் பாருங்கள் என்றாள். காரணம் சொல்லவில்லை. அவர் முகம் மாறியது.

ஆனாலும் பார்த்தார். சமையலறைக் குழாயைத் திறந்தார். சுவரைத் தட்டினார். ஜன்னலை அளந்தார். அவர் மனைவி மட்டும் நேராகப் பால்கனிக்குப் போனாள்.

கொடியில் சின்னப் பாவாடை. நன்றாகத் துவைத்தும் கறை முழுதும் போகவில்லை.

அந்த அம்மாள் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு திரும்பி, மூடியிருந்த கதவைப் பார்த்தாள். கோகிலவாணியையும் பார்த்தாள்.

பாவாடையின் ஈரமான பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிப் போட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி கடைசி அறையின் முன்னால் வந்து நின்றார். வயதான அம்மாவுக்கு என்று நினைத்திருந்த அறை அதுதானாம். அதைப் பார்க்காமல் எப்படி முடிவு சொல்வது என்றார். தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

கோகிலவாணி கதவுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றாள். வேண்டாங்க என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த வியாபாரம் போனது போனதுதான்.

“ஏனுங்க,” பால்கனியிலிருந்து குரல் வந்தது. “அந்த ரூம்ப நான் பாத்துட்டனுங்க.”

“எப்ப?”

“நீங்க கொழாயத் தொறந்து பாத்துட்டிருந்தப்ப. அத்தைக்கு எடம் தாராளமாப் போதும்.”

அவர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார்.

“சன்னல் எத்தனை?”

“ரெண்டுங்க.”

அந்த அறைக்கு ஒரு ஜன்னல்தான். கோகிலவாணி திருத்தவில்லை.