பிலிப்பைன்ஸ் பேய்

“அக்கா, போன்ல அந்த பிலிப்பைன்ஸ் பேய்க் கார்ட்டூன் பாத்ததுலேர்ந்து என் பொண்டாட்டி தனியா பேசிகினு கீறா. ரத்தம்ன்றா, பொணம்ன்றா,” என்றான் முடிச்சூர்க் கொத்தனார் பூவராகன்.

“குன்றத்தூர் முருகன்கிட்ட இட்டுனு போ,” என்ற பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி, தானும் அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

உள்ளே அவன் மனைவி அங்காளம்மா போனில் விரல் வைத்து முனகினாள். “கொ... லை... கா... ரன்...”

திருநீற்றோடு பாய்ந்தான் பூவராகன். “அடியே, யாராண்ட பேசுற?”

“பேசலய்யா, படிக்கிறேன்! அவங்க பாஷை எனக்கு இன்னா தெரியும்? கீழ தமிழ்ல எழுத்து வருது பாரு. முதியோர் பள்ளிக்கூடத்துல கத்துகினது மறந்துடக் கூடாதுல்ல?”

பூவராகனுக்கு மூச்சு வந்தது. திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு அவளருகே உட்கார்ந்தான்.

“கொலைகாரன் யாருன்னு எனக்கும் படிச்சுச் சொல்லு.”